என் தமக்கையின் கூந்தலில் இருந்த நைட்ரஜன்

என் தமக்கையின் முடி மூன்று முறை ஆய்வுக்கூடத்துக்குப் போனது. முதல் இரண்டு முறை அனுப்பியவன் நான். அந்த இரண்டு முடிவுகளையும் நம்பினேன். மூன்றாவது முடிவை மறைத்தேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. இதை எழுதும்போது என் எழுத்து கோணலாகப் போகிறது என்றால் அது வயதினால் அன்று, ஆத்திரத்தினால். யார்மீது ஆத்திரம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். வரிசையில் முதலில் நிற்பவன் நானே.

நாங்கள் பட்டு நெய்த குடும்பம். என் தகப்பனார் காலம்வரை முன்கூடத்தில் தறி ஓடியது. கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவிலிருந்த ஒரு கல்லூரியில் விரிவுரையாளனாக இருந்தேன். தெருவில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. ‘சார்’ என்றே அழைத்தார்கள். எங்களுடையது சைவத் தெரு. சைவம் என்பது நெற்றியில் மட்டுமன்று, அடுப்பிலும் இருந்தது. குப்பைமேட்டில் ஒரு முட்டை ஓடு கிடந்தால் அது எந்த வீட்டுடையது என்பது அன்று மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். பெண் எடுக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். எங்கள் வீட்டைப் பற்றி அப்படியொரு பேச்சு எந்தத் தலைமுறையிலும் எழுந்ததில்லை. என் பட்டத்தைவிட எனக்கு அதில்தான் பெருமை அதிகம்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டாள். அவள் கணவர் வேறொரு பெண்ணை வீட்டுக்கே அழைத்து வந்த பிறகு, ஒரு தகரப் பெட்டியுடன் எங்களிடம் திரும்பினாள். அப்போது எங்கள் பெற்றோர் இருவரும் இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். அக்கா வந்ததைப் பற்றித் தெரு பேசுவதற்கு முன்பே நான் தெருவுக்குச் சொன்னேன்: அவள் உடன்பிறந்தான் வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அந்த வாக்கியத்தை நான் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வந்த முதல் வாரத்திலேயே அக்கா விரதம் இருக்கத் தொடங்கினாள். முதலில் வெள்ளிக்கிழமை. பிறகு சோமவாரம். பிறகு கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி, சதுர்த்தி. விரதமில்லாத நாள்களில் ஒருபொழுது, ஒரு வேளைச் சோறு. காலையில் அரிசிப் பானையின் முன் நின்று, கையில் அரிசி அளக்கும் ஆழாக்குடன் என் மனைவி கேட்பாள்: “அண்ணி, இன்னிக்கு விரதமா?” அக்கா தறிக்கூடத்திலிருந்து பதில் சொல்வாள்: “ஆமாம்மா.” முற்றத்தில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டே இந்தக் கேள்வியையும் பதிலையும் நாள்தோறும் கேட்டிருக்கிறேன். நாத்தனாரின் பக்தியை மதித்து என் மனைவி கேட்கிறாள் என்று எண்ணிக்கொள்வேன். அக்கா மெலிந்தாள். ரவிக்கைகளைத் தானே இருபக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்து, கல்லூரியில் சக ஆசிரியர்களிடம், எங்கள் வீட்டில் இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன்.

என்னுடன் முதுகலை படித்த நண்பன் ஒருவன் வேறு மாநிலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தான். அங்கே நிறை நிறமாலைமானி ஒன்று இருந்தது. ஒரே தனிமத்தின் அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி. நைட்ரஜனில் பெரும்பகுதி எடை குறைந்த அணுக்கள்; மிகச் சொற்பம் எடை கூடியவை. இரண்டும் ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள். மண்ணிலும் உரத்திலும் அவை எந்த அளவில் கலந்துள்ளன என்று பார்ப்பதுதான் அவன் வேலை. ஆனால் அவனுக்கு வேறோர் ஆசை இருந்தது. அவன் எனக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்.

நாம் உண்ணும் புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றில் தேவையானதை உடல் தசையாகவும் தோலாகவும் முடியாகவும் கட்டிக்கொள்கிறது. மிஞ்சியதிலிருந்து நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக வெளியேற்றுகிறது. கழற்றும்போது லேசான அணு எளிதில் கழல்கிறது. கனமானது சற்றுத் தயங்குகிறது. ஆகவே வெளியே போவதில் லேசானது கூடுதல். உள்ளே தங்குவதில் கனமானது கூடுதல். தின்னப்பட்டதைவிடத் தின்றவன் ஒரு படி கனமாகிறான். புல்லைவிட ஆடு கனம், ஆட்டைத் தின்றவன் அதைவிடக் கனம். ஏரியில் பாசி, பாசியைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் சிறுமீன், சிறுமீனைத் தின்னும் விரால் என்று ஏறிக்கொண்டே போகும். விராலைத் தின்கிற மனிதன் உச்சியில் நிற்பான். இது உண்மையானால் ஒருவனுடைய முடியைப் பார்த்தே அவன் சைவமா அசைவமா என்று சொல்லிவிடலாம். “ஐயத்துக்கு இடமில்லாத சைவ வீடு ஒன்று எனக்கு வேண்டும். உனக்குத் தெரிந்து எங்கேனும் உண்டா?” என்று கேட்டிருந்தான்.

உண்டா என்றா கேட்டான். என் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டை நான் சொல்வேன்.

என் முடி, மனைவியின் முடி, அக்காவின் முடி மூன்றையும் தனித்தனி உறையிலிட்டு, பெயரில்லாமல் எண் மட்டும் எழுதினேன். ஏரி மீன் வாரம் தவறாமல் சமைக்கும் ஒரு வீட்டிலிருந்தும் மூன்று பேரின் முடியைக் கேட்டு வாங்கினேன். கூடவே எங்கள் வீட்டு அரிசி, துவரம்பருப்பு. அக்காவின் முடியை மட்டும் தலையிலிருந்து வெட்டவில்லை. சவுரி கட்டுவதற்காகச் சீப்பில் கழிந்ததைச் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் வைத்திருந்தாள்; அதிலிருந்து வேர்முனையை ஒட்டிய துண்டுகளை எடுத்தேன்.

பதில் வந்தது. நானும் என் மனைவியும் அவன் எதிர்பார்த்தபடி லேசாக இருந்தோம். மீன் வீட்டார் மூவரும் கனம். எங்கள் வீட்டின் மூன்றாம் எண் மீன் வீட்டாருக்கு மிக அருகில் போய் நின்றது. கடிதத்தின் கீழே அவன் எழுதியிருந்தான்: “உன் வீட்டுச் சைவப் பூனைகளில் மூன்றாவது பூனை யார் வீட்டில் பால் குடிக்கிறது? பாலாக இருந்தால் பரவாயில்லை. எனக்கென்னவோ மீன் வாடை அடிக்கிறது.”

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் படுத்துறங்கியவனின் கேலி அது. அவனுக்கு மூன்றாம் எண் யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை நான்காக மடித்து இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு, சீப்பில் கழிந்த முடியில் வேறு யாருடைய முடியோ கலந்திருக்கும் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அக்காவைக் கூப்பிட்டேன்.

“இன்னாத்துக்குடா தம்பி மறுபடியும்?”

“போன தடவ எடுத்தது சீப்புல கெடந்த முடி. கலந்து போயிருக்கும்.”

“கலந்தா இன்னா? எல்லாம் நம்ம வூட்டு முடிதானே.”

“ஆராய்ச்சியில அப்படிக் கலக்கக் கூடாது.”

“வெட்டிக்கோ, வெட்டிக்கோ. இருக்கறதே நாலு மயிரு. அத்தயும் உன் மிஷினுக்குப் போடு.”

சிரித்துக்கொண்டே குனிந்தாள். பிடரியில் வேரை ஒட்டி வெட்டி, அடித்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெட்டாத முடியிலும் சில இழைகள் என் கையோடு வந்தன. அதைக் கவனித்தேன். ஒரு வேதியியல் ஆசிரியன் என்ற முறையில், இம்முறை மாதிரி தூய்மையாக இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் முடிவும் முதல் முடிவைப் போலவே வந்தது.

எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. மத்தியானங்களில் அக்கா எங்கள் கொல்லைக்குப் பின்தெருவிலிருந்த தெலுங்குக்கார நெசவாளர் வீட்டுக்குப் போய், குறுக்கிழையாகும் ஊடைப் பட்டு நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுத்துவந்தாள். அவர்கள் எங்களைப் போலச் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் அல்லர். அந்த வீட்டில் கருவாடு வறுபடுகிற வாசனை வெயில் நேரத்தில் எங்கள் முற்றம்வரை வரும். கல்லூரி விடுமுறை நாள் ஒன்றில் அவ்வீட்டு அம்மாவை வாசலில் நிறுத்தி, எங்கள் அக்கா மத்தியானத்தில் அங்கே என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன்.

“இன்னா சாரு இப்டி கேக்கறீங்க,” என்றார் அந்த அம்மா. “தண்ணி கூட வாங்கிக் குடிக்காது உங்க அக்கா. ஒரு சொம்பு நீச்சத்தண்ணியாவது குடிம்மான்னு நான்தான் கெஞ்சிக்கினு இருக்கறேன். விரதம்னுடும். கை நடுங்குது சாரு அதுக்கு. இழை அறுந்துக்கினே இருக்குது.”

அந்த அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. கை நடுங்குகிறது என்றார். நான் கேட்டது வேறு. மீன் தின்கிறவர்கள் மீன் தின்கிறவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டு படியிறங்கினேன். இரண்டு பட்டம் வாங்கியவன் செய்த முடிவு அது.

மறுநாள் காலை, முற்றத்தில், சாமி மாடத்தின் முன் அக்காவை நிற்கவைத்துக் கேட்டேன். என் மனைவி சமையலறை நிலைப்படியில் நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. வெளியில எங்கனா சாப்பிடறியா?”

“இல்லியே.”

“மீனு, கருவாடு?”

“இன்னாடா பேசற. உனக்கு இன்னா ஆச்சு?”

“ரெண்டு தடவ பார்த்திருக்காங்க. ரெண்டு தடவயும் ஒரே மாதிரி வந்திருக்குது. மிஷினுக்கு உன்மேல இன்னா பகை?”

“மிஷினுக்கு இல்ல,” என்றாள். “அத்த எடுத்துக்கினு வந்தவனுக்கு இருக்குதோ இன்னாவோ.”

“அண்ணி, அவரு கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க,” என்றாள் என் மனைவி. “தெருவுக்குத் தெரிஞ்சா தலகுனிவு எங்களுக்குத்தான்.”

எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்லைச் சோதிக்க வேண்டுமானால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது வழக்கம். பொய்ச் சத்தியம் குடும்பத்தை அழித்துவிடும் என்று அஞ்சாதவர்கள் அன்று தெருவில் ஒருவரும் இல்லை. நான் கற்பூரத்தை ஏற்றினேன்.

“நீ இருக்கறதெல்லாம் சாமிக்கு இருக்கற விரதந்தான்னு இத்த அணச்சிச் சத்தியம் பண்ணு. நான் அந்த லெட்டரக் கிழிச்சிப் போட்டுடறேன்.”

அக்காவின் கை பாதிவரை வந்தது. பிறகு நின்றது.

“அத்த மட்டும் கேக்காதடா.”

“ஏன்?”

“மீனு துன்னலன்னு சத்தியம் பண்றேன். நம்ம அம்மாமேல, அப்பாமேல பண்றேன். விரதத்தப் பத்திக் கேக்காத.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ரெண்டும் ஒண்ணு இல்ல,” என்றாள் அக்கா.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் எழுதினாலும், கேள்வியைக் குழப்பிக்கொண்டாலும் மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான். அன்று என் எதிரில் நின்றவள் இரண்டு கேள்விகளைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டினாள். ஒன்றுக்குத் தயக்கமின்றிப் பதில் சொன்னாள். மற்றொன்றுக்குப் பொய்ச் சத்தியம் செய்ய மறுத்தாள். எனக்குக் கேட்டது மறுப்பு மட்டும்.

அன்றிலிருந்து அவளுடைய தட்டும் குவளையும் தனியே வைக்கப்பட்டன. சமையலறைக்குள் வர வேண்டாம் என்றேன். வெளியில் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை; பேசத் தேவையும் இருக்கவில்லை. என் மனைவி தன் தாயாரிடம் சொன்னாள். பத்து நாளுக்குள் தெருக்குழாயில் தெரிந்துவிட்டது. அக்கா குடத்துடன் போனால் மற்றவர்கள் தங்கள் குடங்களைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். அதை நானே வாசலில் நின்று பார்த்தேன். அதற்கடுத்த வாரம், வந்த அதே தகரப் பெட்டியுடன் முசரவாக்கம் என்ற கிராமத்துக்குப் போய்விட்டாள். என் தகப்பனாரைத் தெரிந்த விவசாயக் குடும்பம் ஒன்று அவளுக்குத் தோட்டத்துப் பக்கம் ஓர் அறை கொடுத்தது. அவ்வூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்கும் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. அது விவசாயிகள் ஊர், கறியும் மீனும் சாப்பிடுகிற ஊர், அவளுக்கு ஏற்ற இடம் என்று என் மனைவியிடம் சொன்னேன். இந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது, ஆனால் சொன்னேன்.

மறு ஆண்டு என் நண்பன் ஊருக்கு வந்தான். அந்த மூன்றாம் எண் அவனை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அது யார் என்று கேட்டான். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

“அக்காவா?” என்றான். விடுதியில் இருந்த காலத்தில் அக்கா கட்டிக் கொடுத்தனுப்பிய புளிச்சோற்றைப் பலமுறை தின்றவன் அவன். “நான் பூனன்னு எழுதினது அக்காவையாடா? இப்ப எங்க இருக்காங்க?”

“முசரவாக்கத்துல.”

“ஏன் அங்க?”

“உன் மிஷினத்தான் கேக்கணும்.”

அவன் தனியாகப் பேருந்தேறிப் போனான். மாலையில் திரும்பி வந்து, கைகால் கழுவாமலேயே கூடத்தில் உட்கார்ந்தான்.

“முருங்கக்கா சாம்பார் வெச்சிருந்தாங்க. அவங்களும் கூட ஒக்காந்து சாப்பிட்டாங்க. நல்லா சாப்பிடறாங்கபா. மூணு தடவ சோறு போட்டுக்கினாங்க.”

“மீனும் கூடத்தான் சாப்பிடுவா.”

“அந்த வூட்டுக்காரங்க சாப்பிடறாங்க. இவங்க தனியா அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கறாங்க. நான் போயிப் பார்த்தேன். நீ போயிப் பார்த்தியா?”

அவன் பையில் ஒரு கொத்து முடி இருந்தது; இடுப்புவரை நீண்ட கூந்தலின் முழு நீளம். வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று மாறிப்போகாமலிருக்க, வேர்ப்பக்கத்தில் சிவப்புப் பட்டு நூலால் கட்டியிருந்தது. கட்டிக் கொடுத்தவள் அக்காதான் என்பதை முடிச்சைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

சில மாதங்களுக்குப் பின் அவனிடமிருந்து வந்த கடிதத்தில் கேலி ஒன்றும் இல்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. ஆகவே ஒரு நீளக் கூந்தல் என்பது பல ஆண்டுகளின் பதிவு. வேரருகே இந்த மாதம், நுனியில் பழைய ஆண்டுகள். அந்தக் கொத்தை அவன் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே கருவியில் இட்டிருந்தான். நுனிப்பகுதி, அதாவது அவள் கணவர் வீட்டில் இருந்த காலம், என்னுடைய முடியைப் போலவே லேசு. பிறகு ஓரிடத்தில் கனம் ஏறத் தொடங்குகிறது. துண்டுக்குத் துண்டு ஏறுகிறது. பிறகு சட்டென்று இறங்கி, வேரருகே மீண்டும் லேசாகிவிடுகிறது. ஏறத் தொடங்கிய இடத்தை வளர்ச்சிக் கணக்கில் பின்னோக்கிப் பார்த்தால் அவள் என் வீட்டுக்கு வந்த காலம். இறங்கிய இடம் அவள் முசரவாக்கத்துக்குப் போன காலம்.

மீன் தின்கிற ஊருக்குப் போனதும் அவள் சைவமாகிவிட்டாளா? அவனும் இதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் சில எலிகளுக்குத் தீனியைக் குறைத்துப் பார்த்திருக்கிறான். மெலிய மெலிய எலிகளும் கனமாயின. அவன் தந்த விளக்கம் எளிமையானது. உணவு வராதபோதும் உடல் உயிர்வாழ வேண்டும். அதற்கு அது தன் தசையையே அமினோ அமிலங்களாக உடைக்கிறது. லேசான நைட்ரஜன் வழக்கம்போல் வெளியே போகிறது. அதை ஈடுகட்ட இலையும் பருப்பும் உள்ளே வருவதில்லை. ஏற்கெனவே ஒரு படி கனமான தன் தசையையே தின்று, உடல் மேலும் கனமாகிறது. ஆடு தின்றவனும் மீன் தின்றவனும் ஏறி நிற்கிற படியில் பட்டினி கிடந்தவளும் போய் நிற்கிறாள். அவள் தின்ற மாமிசம் அவளுடையது. கடைசி வரி: “இது ஒரே ஒரு பெண்ணின் கூந்தல். இதை நான் எங்கும் அச்சிடப் போவதில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன்.”

மறுநாள் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முசரவாக்கம் போனேன். பள்ளியில் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். அக்கா சாம்பல் போட்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நிரம்பியிருந்தது.

“இன்னாடா, இந்த வெயில்ல வந்துக்கினு,” என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

கடிதத்தைப் பிரித்து, பாடம் நடத்துவதுபோல் முழுவதையும் சொன்னேன். எனக்கு வேறு விதமாகப் பேச வரவில்லை. உன் உடம்பு உன்னையே தின்றிருக்கிறது என்று முடித்தேன்.

“இத்தக் கண்டுபுடிக்கவா அம்மாந்தூரம் அனுப்பின?” என்றாள். “என் ரவிக்கயப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“உங்கிட்டயா.” அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். “நான் வந்த மொத வாரம். உங்க காலேஜ்காரங்க ரெண்டு பேரு சாப்பிட வந்திருந்தாங்க. அவங்களுக்குப் பரிமாறிட்டு நானும் ஓரமா ஒக்காந்தேன். ரெண்டாவது வாட்டி சோறு போட்டுக்கினேன். நீ சொன்ன, ‘மெதுவாச் சாப்பிடுக்கா, இங்க யாரும் புடுங்கிக்க மாட்டாங்க’ன்னு. சிரிச்சிக்கினுதான் சொன்ன. அவங்களும் சிரிச்சாங்க.”

எனக்கு அது நினைவில்லை. இன்றுவரை இல்லை. எத்தனையோ சமன்பாடுகளை நினைவில் வைத்திருக்கும் இந்த மூளை அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளவில்லை.

“அடுத்த நாளு உன் பொண்டாட்டி கையில ஆழாக்க வெச்சிக்கினு, விரதமான்னு கேட்டா,” என்றாள் அக்கா. “வெள்ளிக்கெழம. அவ சாதாரணமாத்தான் கேட்டா. எனக்கு ஆமான்னு சொல்றது சுளுவா இருந்துது. அப்புறம் தினம் கேட்டா. தினம் சொன்னேன்.”

“வீட்டுக்கு வா.”

“வந்து? காலைல கேப்பாளே.”

“கேக்க மாட்டா. நான் சொல்றேன்.”

“வீட்டுக்கெல்லாம் வரலடா. இங்க பசிச்சா சாப்பிடறேன். ஒண்ணு மட்டும் பண்ணு. கொழாயாண்ட நாலு பேரு இருக்கறப்ப, எங்க அக்கா மீனு துன்னல, எங்க வூட்ல பட்டினி கெடந்தான்னு சொல்லு. உன் வாயால சொல்லு. அது போதும்.”

சொல்கிறேன் என்றேன். சாப்பிட்டுப் போ என்றாள். சாப்பிடாமல் திரும்பினேன்.

பேருந்தில் வரும்போதே அந்த வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் பாதி எளிதாக வந்தது. இரண்டாம் பாதியில் ‘எங்க வூட்ல’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. உடன்பிறந்தான் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று தெருவெல்லாம் சொன்னவன் நான். இறங்கும்போது வேறொரு வாக்கியம் தயாராகியிருந்தது. அன்று மாலை குழாயடியில், பலர் கேட்க, என் வழக்கமான குரலில் சொன்னேன்: கருவியின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டோம், அக்கா தவறேதும் செய்யவில்லை, அவள் இருந்த கடும் விரதம் கருவியையே குழப்பிவிட்டது, விஞ்ஞானமே அதை ஒப்புக்கொண்டுவிட்டது.

தெரு அதை ஆசையோடு வாங்கிக்கொண்டது. குடத்தை நகர்த்தி வைத்த அதே பெண்கள், அப்படிப்பட்டவளைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் மனைவி அன்று நிம்மதியாகச் சிரித்தாள். அவள் பெயரும் பிழைத்தது, என் பெயரும் பிழைத்தது, அக்காவின் பெயர்கூட ஒருவகையில் மீண்டுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அக்கா வந்து நின்றாள். கையில் குடமில்லை. ஒருத்தி ஓடிவந்து அவள் காலைத் தொடப் போனாள். அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

“விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “பசியில இருந்தேன். என் தம்பி வூட்ல. கேட்டுக்கோங்க, அதோ நிக்கறான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசற்படியில் செய்தித்தாளுடன் நின்றேன். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். என் மனைவி உள்ளேயிருந்து வந்து என் பின்னால் நின்றாள். எனக்கு வாய் திறந்தது, ஆனால் வந்த சொற்கள் இவை: “வெயில்ல நிக்காதக்கா, உள்ள வா. உடம்பு சரியில்ல உனக்கு.”

உடம்பு சரியில்லை என்பதைத் தெரு உடனே புரிந்துகொண்டது. விரதத்தில் மெலிந்தவளுக்குப் புத்தியும் சற்றுக் கலங்கியிருக்கிறது என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் இரக்கத்தோடு சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா காதிலும் விழுந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. “உடம்புக்கு ஒண்ணும் இல்லடா. இப்பதான் நல்லா இருக்குது,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து நிற்குமிடம் நோக்கி நடந்தாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு அவள் வந்ததில்லை. பல ஆண்டுகள் வாழ்ந்து முசரவாக்கத்திலேயே இறந்தாள்.

நான் மரியாதையுடன் பணி ஓய்வு பெற்றேன். அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்தேன் என்பது மேலே இருக்கிறது. இதை மன்னிப்புக் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை, இனி யாரிடமும் கேட்கும் உரிமை எனக்கில்லை. அன்று குழாயடியில் நின்றவர்களில் பலர் இன்று இல்லை. இருக்கிறவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் படிக்கட்டும்: என் அக்கா மீன் தின்னவில்லை. விரதமும் இருக்கவில்லை. அவள் புத்தி கடைசிவரை தெளிவாகத்தான் இருந்தது. என் வீட்டில், நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பட்டினி கிடந்தாள்.